லியோனில் வாடகை வீடு: புதிதாக வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரான்ஸின் லியோன் நகரத்தில் வேலையோ படிப்போ கிடைத்து வரும் நம்மவர்கள், விசாவைவிட வீட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். 1989 ஜூலை 6-ஆம் தேதியிட்ட வாடகைச் சட்டம் இங்கே குடியிருப்பவர் பக்கம் நன்றாகவே சாய்ந்திருக்கிறது. வாடகை கட்டாதவரைக்கூட நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பொதுவாக வெளியேற்ற முடியாது. மற்ற மாதங்களிலும் நீதிமன்றம் வழியாகத்தான் போக வேண்டும், அது இழுக்கும். அதனால் வீட்டுக்காரருக்கு ஒரு பயம்: தவறான ஆளை உள்ளே விட்டுவிட்டால் மாட்டிக்கொள்வோம் என்று. அந்தப் பயத்தில்தான் வாசலிலேயே இத்தனை காகிதம் கேட்கிறார்கள். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மூலம் இந்த ஒரே பயம்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சென்னையில் இருந்தபடியே வீட்டை உறுதி செய்துவிட்டு வரலாமா?

பெரும்பாலும் முடியாது. நேரில் வந்து பார்க்காதவருக்கு வீடு தர யாரும் விரும்புவதில்லை. பார்க்காமல் நீங்கள் எடுப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. மாணவர் விடுதிகள், மாணவர் குடியிருப்புகள், நிறுவனம் ஏற்பாடு செய்து தரும் வீடு இவைதான் விதிவிலக்கு. மற்றவர்கள் முதல் 3, 4 வாரங்களுக்குச் சமையலறை உள்ள அப்பார்ட்மென்ட் ஹோட்டல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து தேடுவதே நடைமுறை.

வேலைக்கு வருபவர்கள் ஆஃபர் பேசும்போதே ஹெச்.ஆரிடம் கேளுங்கள். முதல் மாதத் தங்குமிடம், வீடு தேடித் தரும் முகவரின் கட்டணம் இரண்டையும் பல நிறுவனங்கள் கேட்டால் தருகின்றன. கேட்காதவருக்குத் தாமாக முன்வந்து தருவது குறைவு.

எந்த மாதத்தில் தேடுவது நல்லது?

ஜூலை முதல் செப்டம்பர் வரை மாணவர் கூட்டம் அலைமோதும். தேதியை நீங்களே முடிவு செய்யலாம் என்றால் ஜனவரி, பிப்ரவரியில் வந்து சேருங்கள்.

எந்தப் பகுதியில் பார்க்கலாம்?

லியோன் 9 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்ட நகரம். ஒட்டியே இருக்கும் வில்லூர்பான் தனி நகராட்சி, ஆனால் எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியாது. முதலில் வேலை அல்லது படிப்பு எங்கே என்று பாருங்கள், பிறகு அங்கே போகும் மெட்ரோ அல்லது டிராம் வழியில் தேடுங்கள். ஏ, பி, சி, டி என மெட்ரோ நான்கே வழிகள்தான், குழப்பமில்லை.

லா துவா பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பவர்களுக்கு வில்லூர்பான் வசதி. ஜெர்லானில் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களும் ஆய்வுக்கூடங்களும் இருக்கின்றன. 7-ஆம் வட்டாரத்தின் தென்பகுதியான அங்கே கட்டடங்களும் ஓரளவு புதியவை. 8-ஆம் வட்டாரத்தின் மோன்பிளேசிர், குடும்பத்தோடு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம். டி மெட்ரோ, சந்தை, பள்ளி எல்லாம் நடக்கும் தூரம். 1895-இல் லூமியேர் சகோதரர்கள் தொழிற்சாலை வாசலில் கேமராவை வைத்துப் படம் பிடித்ததும் இங்கேதான், சினிமா பைத்தியங்களுக்கு இது ஒரு கூடுதல் காரணம்! பார்-தியூ ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள 3-ஆம் வட்டாரம் அடிக்கடி பாரிஸ் போய் வருபவர்களுக்கு ஏற்றது. இன்டர்போல் தலைமையகம் இருக்கும் 6-ஆம் வட்டாரம் அழகு, அமைதி, வாடகையும் அதற்கேற்றபடி.

குருவா-ரூஸ் மேட்டைப் பார்த்தவர்கள் மயங்கிவிடுவார்கள். பட்டு நெசவாளர்கள் உயரமான தறிகளை வைப்பதற்காகக் கட்டிய வீடுகள், கூரை 4 மீட்டர் வரை இருக்கும். ஆனால் பல கட்டடங்களில் லிஃப்ட் இல்லை, அவ்வளவு உயரமான அறையைக் குளிர்காலத்தில் சூடாக்கும் செலவும் சும்மா இல்லை. தள்ளுவண்டியில் குழந்தை இருந்தால் நான் போக மாட்டேன்.

கியோத்தியேர் பகுதியில் ஆசிய மளிகைக் கடைகள் கிடைக்கும், எல்லா இடத்துக்கும் பக்கம். இரவு நேரத்தில் அந்தச் சதுக்கம் எல்லோருக்கும் பிடிக்காது. ஒருநாள் இரவு 10 மணிக்கு நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் ப்ரோன், வெனிசியூ, சேன் ப்ரியே என்று டிராம் போகும் புறநகர்களையும் சேர்த்துப் பாருங்கள்.

விளம்பரங்களை எங்கே பார்ப்பது? ரெஜி என்கிறார்களே, அது என்ன?

லெபொன்குவான், செலொஜே, பியேனிசி, பாப் ஆகிய தளங்கள்தான் எல்லோரும் பார்ப்பவை. பாப் தளத்தில் வீட்டுக்காரர்களே நேரடியாக விளம்பரம் தருகிறார்கள். நல்ல வீடு சில மணி நேரத்தில் போய்விடும் என்பதால் அறிவிப்பு வரும்படி வைத்துக்கொண்டு, வந்தவுடன் போன் செய்யுங்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் பதில் வராது.

வாடகை வீடுகளை நிர்வகிக்கும் முகமை நிறுவனங்களை லியோனில் ரெஜி என்பார்கள். நகரத்தின் வாடகை வீடுகளில் பெரும்பகுதி இவர்கள் கையில்தான். ரெஜி வழியாகப் போகும் வீட்டுக்குப் பெரும்பாலும் வாடகை பாக்கிக் காப்பீடு எடுத்திருப்பார்கள். உங்கள் கோப்பை ஏற்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் விதிகள். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்மணி உங்கள் மேல் எவ்வளவு இரக்கப்பட்டாலும் பிரயோஜனம் இல்லை. நேரடி வீட்டுக்காரரிடம் பேசிப் புரிய வைக்க முடியும். ஆகவே சம்பளம் போதாது, வேலை புதிது என்றிருப்பவர்கள் நேரடி வீட்டுக்காரர்களையே அதிகம் தேடுங்கள்.

டி-2 என்றால் இரண்டு படுக்கையறையா?

இல்லை. ஹாலையும் சேர்த்து அறைகளை எண்ணுவார்கள், சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. டி-2 என்பது நம் ஊர் ஒரு பெட்ரூம் வீடு. குழந்தையோடு வருபவர்கள் டி-3 தேட வேண்டும்.

தொசியே என்று எல்லோரும் கேட்கிறார்களே, அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

தொசியே என்பது உங்களைப் பற்றிய காகிதக் கோப்பு. வீட்டைப் பார்க்க 15 பேர் வருகிறார்கள் என்றால், வீட்டுக்காரர் தேர்ந்தெடுப்பது அந்தக் கோப்புகளில் ஒன்றைத்தான். வழக்கமாகக் கேட்பவை: பாஸ்போர்ட் மற்றும் விசா, வேலை ஒப்பந்தம், கடைசி 3 மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரி அறிவிப்பு, முந்தைய வீட்டின் கடைசி 3 வாடகை ரசீது. ஜாமீன் நிற்பவர் இருந்தால் அவருடைய காகிதங்களும்.

கோப்பை ஒரே பிடிஎஃப் ஆக, ஒழுங்கான வரிசையில், மேலே 5 வரி அறிமுகத்தோடு வைத்திருங்கள். நீங்கள் யார், எங்கே வேலை, எவ்வளவு சம்பளம், யார் ஜாமீன், எப்போது குடி வர முடியும். அவ்வளவு போதும், கதை வேண்டாம். வீடு பார்த்து முடித்த அன்றே அனுப்புங்கள். மறுநாள் என்றால் பல நேரம் பிந்திவிடும்.

அரசே நடத்தும் தொசியே-ஃபசில் என்ற இலவசத் தளம் இருக்கிறது. காகிதங்களை அங்கே ஏற்றினால் சரிபார்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் நீர்க்குறி போட்டு, ஒரு இணைப்பாகத் தருவார்கள். உங்கள் பாஸ்போர்ட் நகல் கண்ட கைகளுக்குப் போகாமல் இருக்க இதுவே நல்ல வழி.

கேட்கவே கூடாதவை என்று 2015 நவம்பர் ஆணை ஒரு வரம்பு போட்டிருக்கிறது. வங்கிக் கணக்கு அறிக்கை, மருத்துவ ஆவணம், காப்பீட்டு அட்டையான கார்த் வித்தால் இவற்றையெல்லாம் யாரும் கேட்க முடியாது. கேட்டால் மென்மையாக மறுக்கலாம். வீடு பிடித்திருக்கும்போது மறுப்பது எளிதல்ல என்பது வேறு விஷயம்.

நான் இப்போதுதான் வந்தேன். பிரெஞ்சு சம்பளச் சீட்டுக்கும் வரி அறிவிப்புக்கும் எங்கே போவேன்?

வேலை ஒப்பந்தமும், நிறுவனம் கொடுக்கும் கடிதமும்தான் அதற்கு மாற்று. கடிதத்தில் பதவி, சேர்ந்த தேதி, ஆண்டுச் சம்பளம், வேலை நிரந்தரமா என்பது தெளிவாக இருக்க வேண்டும். சோதனைக் காலம் முடிந்துவிட்டதா என்று கட்டாயம் கேட்பார்கள். முடியவில்லை என்றால் மறைக்காதீர்கள், அடுத்த பதிலில் சொல்லும் விசால் என்ற இலவச ஜாமீனோடு சேர்த்துக் கோப்பைக் கொடுங்கள். இந்தியச் சம்பளச் சீட்டுகள் ஆங்கிலத்தில் இருப்பதால் சேர்த்துக் கொடுக்கலாம். கூடவே யூரோவில் எவ்வளவு என்று ஒரு வரி எழுதிவையுங்கள், ஏனென்றால் ரூபாய் எண்ணைப் பார்த்து அவர்களால் ஒன்றும் புரிந்துகொள்ள முடியாது.

ஜாமீன் நிற்க இங்கே எனக்கு யாருமே இல்லை. என்ன செய்வது?

இதற்காகவே விசால் இருக்கிறது. அக்சியோன் லொஜ்மான் என்ற அமைப்பு தரும் இலவச ஜாமீன் அது. நீங்கள் வாடகை கட்டத் தவறினால் வீட்டுக்காரருக்கு அவர்கள் கட்டிவிட்டு, பிறகு உங்களிடம் வசூலிப்பார்கள். தனியார் வீடுகளில் 36 மாத பாக்கி வரைக்கும் பொறுப்பேற்கிறார்கள். 18 முதல் 30 வயதுக்குள் இருப்பவர்கள் மாணவரானாலும் வேலையில் இருப்பவரானாலும் விண்ணப்பிக்கலாம். 30-ஐத் தாண்டியவர்கள், தனியார் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்தாலோ சம்பளம் குறைவாக இருந்தாலோ தகுதி பெறுவார்கள். வாடகைக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அது உங்கள் வருமானத்தைப் பொறுத்தது.

விசால் சான்றிதழ் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கையில் இருக்க வேண்டும். வீடு கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். நீண்டகால விசா வந்ததுமே இணையத்தில் விண்ணப்பித்து வாங்கி, தொசியேவின் முதல் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். சில வீட்டுக்காரர்களுக்கு விசால் பற்றித் தெரியாது. தளத்தில் உரிமையாளர்களுக்கான விளக்கம் இருக்கிறது, அதன் இணைப்பையும் அனுப்புங்கள். விசாலை ஏற்றுக்கொண்டவர் கூடவே இன்னொரு ஜாமீனும் கேட்க முடியாது.

விசால் கிடைக்காதவர்களுக்கு, ஆண்டு வாடகையில் சில சதவீதத்தைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் தனியார் நிறுவனங்கள் உண்டு. ஊரில் இருக்கும் அப்பா ஜாமீன் நிற்கலாமா என்று கேட்பார்கள். ஜாமீன்தாரர் பிரெஞ்சுக் குடிமகன் இல்லை, பிரான்ஸில் வசிக்கவில்லை என்ற காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வேறு காரணம் சொல்லி மறுப்பார்கள். அப்பாவை விட்டுவிட்டு விசாலைப் பிடியுங்கள்.

வாடகையைப் போல 3 மடங்கு சம்பளம் வேண்டும் என்பது சட்டமா?

சட்டம் இல்லை, வழக்கம். ஆனால் காப்பீட்டு நிறுவனங்கள் வைத்திருக்கும் வரம்பு ஏறத்தாழ அதுதான் என்பதால் ரெஜிகளில் சட்டம் மாதிரியே நடக்கும். கட்டடப் பராமரிப்பு போன்றவற்றுக்காக வாடகையோடு வாங்கும் மாதச் செலவுத் தொகையைச் சேர்த்து வாடகை 800 யூரோ என்றால், சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் போக, வருமான வரி கழிக்கும் முன் உள்ள சம்பளம் 2,400 இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் சம்பாதித்தால் இரண்டையும் கூட்டுவார்கள்.

இன்னொன்று: வாடகை பாக்கிக் காப்பீடு எடுத்த வீட்டுக்காரர் அதோடு சேர்த்துத் தனியாக ஜாமீனும் கேட்கக்கூடாது. மாணவர்களும் தொழிற்பயிற்சியாளர்களும் மட்டும் இதற்கு விலக்கு.

வீடு இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் வீடு இல்லை என்கிறார்களே?

பாதி உண்மை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட பிரெஞ்சுக் கணக்கு சட்டப்படி தேவையில்லை, ஆனால் இருந்தால் எல்லாம் லகுவாகும். நண்பர் வீட்டில் தங்கினால், நீங்கள் தன்னோடு வசிப்பதாக அவர் ஒரு கடிதம் எழுதித் தந்து, கூடவே தன் அடையாள அட்டை நகலும் மின் கட்டண ரசீதும் கொடுத்தால் அது முகவரிச் சான்றாகச் செல்லும். வங்கி மறுத்தால் மத்திய வங்கியான பாங்க் தெ பிரான்ஸிடம் முறையிட்டு ஒரு வங்கியை நியமிக்கச் சொல்லும் உரிமை உண்டு.

நீண்டகால விசாவை வந்து 3 மாதத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு தற்காலிக முகவரியைக் கொடுத்துவிட்டு, வீடு மாறியதும் திருத்திக்கொள்ளலாம். நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்து தேதியைத் தவறவிடாதீர்கள்.

முன்பணம் அனுப்பினால் வீட்டைப் பிடித்து வைப்பதாக ஒருவர் சொல்கிறார். அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எந்தப் பணமும் கேட்கக்கூடாது என்பது சட்டம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவி கூரியரில் வரும், வாடகை சந்தை விலையில் பாதி, படங்கள் பத்திரிகையில் வந்தவை போல அழகு என்றால் அது மோசடி. ப்ரீபெய்ட் கூப்பன் எண்ணோ வெஸ்டர்ன் யூனியனோ கேட்டால் பேச்சையே நிறுத்திவிடுங்கள். வெளிநாட்டில் இருந்து அவசரமாகத் தேடும் மாணவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

காலி வீடா, சாமான்களோடு உள்ள வீடா?

முதல் வருடம் சாமான்களோடு உள்ளதை எடுங்கள் என்பதே என் கருத்து. காலி வீடு என்றால் நிஜமாகவே காலி. அடுப்பும் ஃபிரிட்ஜும் இருக்காது, சில வீடுகளில் கூரையில் விளக்குக்கு ஒயர் மட்டும் தொங்கும். சாமான்களோடு கொடுக்கும் வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு ஆணையே பட்டியல் போட்டிருக்கிறது: படுக்கை, போர்வை, அடுப்பு, ஓவன் அல்லது மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ், பாத்திரம், மேசை, நாற்காலி, துடைப்பம் வரைக்கும். வாஷிங் மெஷின் பட்டியலில் இல்லை, அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தக் காலம், வீட்டுக்காரர் தனிநபராக இருந்தால், காலி வீட்டுக்கு 3 வருடம், சாமான்களோடு உள்ளதற்கு 1 வருடம், மாணவருக்கு 9 மாதம். இதெல்லாம் வீட்டுக்காரரைக் கட்டும் காலம்தான், நீங்கள் முறைப்படி அறிவித்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். பயிற்சிக்கோ தற்காலிக வேலைக்கோ வருபவர்களுக்கு 1 முதல் 10 மாதம் வரையான பாய் மொபிலித்தே என்ற ஒப்பந்தம் உண்டு, அதில் அட்வான்ஸே கிடையாது.

கையில் எவ்வளவு பணத்தோடு வர வேண்டும்?

சென்னையில் 10 மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு ஆறுதல். காலி வீட்டுக்கு அதிகபட்சம் 1 மாத வாடகை, சாமான்களோடு உள்ள வீட்டுக்கு 2 மாதம், அதற்கு மேல் வாங்கக்கூடாது. இந்தக் கணக்கில் மாதச் செலவுத் தொகை சேராது. ரெஜி வழியாகப் போனால் அவர்கள் கட்டணம் லியோனில் சதுர மீட்டருக்குச் சுமார் 13 யூரோ வரை, வீட்டு நிலை அறிக்கைக்கான 3 யூரோவும் இதில் அடக்கம்.

40 சதுர மீட்டர், 800 யூரோ, சாமான்களோடு உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வாடகை 800, அட்வான்ஸ் 1,600, ரெஜிக்கு 520. ஆக 2,920 யூரோ. முதல் சம்பளம் வரும் முன்பே இது போய்விடும். அட்வான்ஸ் தொகையை வட்டியில்லாமல் 1,200 யூரோ வரை முன்பணமாகத் தரும் லோகா-பாஸ் என்ற திட்டம் இருக்கிறது. தனியார் துறை ஊழியர்களும் 30 வயதுக்கு உட்பட்ட பலரும் கேட்கலாம், 25 மாதங்களுக்குள் தவணையாகத் திருப்பிக் கட்டினால் போதும்.

வாடகை அதிகம் என்று தோன்றுகிறது. வரம்பு ஏதாவது உண்டா?

லியோனிலும் வில்லூர்பானிலும் 2021 நவம்பர் 1-இல் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. பகுதி, கட்டடத்தின் காலம், அறைகளின் எண்ணிக்கை, சாமான் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து சதுர மீட்டருக்கு ஒரு ஆதார வாடகை அறிவிக்கிறார்கள். அதைவிட 20 சதவீதம் அதிகம் வரைதான் போகலாம். முகவரியைக் கொடுத்தால் பெருநகர நிர்வாகத்தின் தளத்திலேயே எண் கிடைக்கும்.

இதில் ஒரு சந்து இருக்கிறது. அருமையான காட்சி, பெரிய மாடித் தோட்டம் என்று காரணம் சொல்லி வரம்புக்கு மேல் கூடுதல் தொகை வைப்பார்கள். காரணம் சொத்தையாகத் தெரிந்தால் கையெழுத்திட்ட 3 மாதத்துக்குள் சமரசக் குழுவிடம் முறையிடலாம், இலவசம். அதற்கு முன் அடில் அலுவலகத்தில் ஒரு தடவை கேளுங்கள். வீட்டு விவகாரங்களில் இலவசச் சட்ட ஆலோசனை தருவதே அவர்கள் வேலை. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

வீட்டைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது?

முதலில் எரிசக்தித் தரம். ஏ முதல் ஜி வரை எழுத்து போட்டிருப்பார்கள், விளம்பரத்திலேயே இருக்கும். ஜி தர வீட்டை 2025 முதல் புதிதாக வாடகைக்கு விடக்கூடாது, எஃப் தரத்துக்கு 2028 வரைதான். எஃப் வீட்டை மலிவு என்று எடுத்தால் மிச்சம் பிடித்த பணத்தை மின்சாரக் கம்பெனி வாங்கிக்கொள்ளும். சூடாக்கி மின்சாரமா, கட்டடத்துக்குப் பொதுவானதா என்று கேளுங்கள். பொதுவானது என்றால் அந்தச் செலவு மாதத் தொகையிலேயே வந்துவிடும், வாடகையை ஒப்பிடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் சமையலறை. நம் சமையலுக்கு இது முக்கியம். ஹாலோடு ஒட்டிய திறந்த சமையலறை படத்தில் அழகாக இருக்கும், ஒரு நாள் மீன் வறுத்தால் தலையணை வரை மணக்கும். ஜன்னல் உள்ள தனிச் சமையலறை கிடைத்தால் விடாதீர்கள். சிம்னி இருக்கிறதா, அது புகையை வெளியே தள்ளுகிறதா அல்லது வடிகட்டி உள்ளேயே விடுகிறதா என்று போட்டுப் பாருங்கள். மின் இணைப்பின் திறனையும் கேளுங்கள். சின்ன வீடுகளில் 3 கிலோவாட் அளவிலேயே இணைப்பு இருக்கும், இண்டக்ஷன் அடுப்பும் ஹீட்டரும் ஓடும்போது கிரைண்டரைப் போட்டால் எல்லாம் அணைந்துவிடும். 6-க்கு உயர்த்தச் சொல்லி மின் நிறுவனத்திடம் கேட்கலாம். நம் ஊர் மிக்சியும் கிரைண்டரும் இங்கே அப்படியே ஓடும், மின்னழுத்தம் 230 வோல்ட்தான். பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும்.

குளியலறை மூலையிலும் படுக்கையறை ஜன்னல் ஓரத்திலும் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பெயின்ட் வாசனை ஒரே ஒரு சுவரில் மட்டும் வந்தால் சந்தேகப்படலாம். கூரைக்கு நேர் கீழே உள்ள கடைசி மாடி கோடையில் கொதிக்கும். லியோன் கோடை 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், ஏ.சி. உள்ள வாடகை வீடு அபூர்வம். சென்னையில் வளர்ந்தவருக்கு இது ஒரு வெயிலா என்பார்கள், சென்னையில் கூரையில் மின்விசிறி இருந்ததை மறந்துவிட்டு.

அதிகாலையில் மிக்சி போட்டால் அக்கம்பக்கத்தார் புகார் சொல்வார்களா?

சொல்வார்கள். இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை சத்தத்துக்கு போலீஸ் வரைக்கும் போகலாம், பகலிலும் தொந்தரவு என்றால் கேள்வி வரும். பழைய கட்டடங்களில் மரத்தளம், காலடிச் சத்தமே கீழே கேட்கும். சட்னியை முதல் நாள் மாலையே அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். குடி வந்ததும் மாடிப்படியில் பார்ப்பவர்களுக்கு ஒரு போன்ழூர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டால் பாதிப் பிரச்சினை வராது.

சாவி வாங்கும் நாளில் என்ன நடக்கும்?

வீட்டுக் காப்பீட்டுச் சான்று இல்லாமல் சாவி தர மாட்டார்கள். முந்தின நாளே இணையத்தில் எடுத்துவிடலாம். அதன் பிறகு எத்தா தெ லியூ: வீட்டின் ஒவ்வொரு சுவரும் கதவும் குழாயும் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திடும் அறிக்கை. நீங்கள் காலி செய்யும்போது அட்வான்ஸ் எவ்வளவு திரும்ப வரும் என்பது முழுக்க இந்தத் தாளைப் பொறுத்தது. ரெஜி ஆள் அவசரப்படுத்துவார், நீங்கள் அவசரப்படாதீர்கள். எல்லாக் குழாயையும் திறங்கள், எல்லா அடுப்பையும் போடுங்கள், கீறல் ஒவ்வொன்றையும் எழுத வையுங்கள், படம் எடுங்கள். பிறகு ஏதாவது கண்ணில் பட்டால் 10 நாளுக்குள் எழுதி அனுப்பிச் சேர்க்கச் சொல்லலாம். சூடாக்கிக்கு மட்டும் குளிர்காலம் தொடங்கிய முதல் மாதம் வரை அவகாசம்.

அன்றே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் போட மாட்டார், வங்கி அட்டை திரும்பிப் போய்விடும்.

அரசு வாடகை உதவி கிடைக்குமா?

குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குக் காஃப் அமைப்பு தருகிறது. முழுச் சம்பளம் வாங்கும் மென்பொருள் பொறியாளருக்குக் கிடைக்காது. மாணவர்கள், குறிப்பாக ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள், விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் காஃப் தளத்தின் கணிப்பானில் தங்கள் நிலையைப் போட்டுப் பாருங்கள். தகுதி இருந்தால் குடி வந்த மாதமே விண்ணப்பியுங்கள், விட்டுப்போன மாதங்களுக்குப் பின்னோக்கித் தர மாட்டார்கள்.

நண்பர்களோடு சேர்ந்து எடுக்கலாமா?

எடுக்கலாம், மலிவும்கூட. ஒரே ஒப்பந்தத்தில் எல்லோரும் கையெழுத்திட்டால் அதில் கூட்டுப் பொறுப்பு நிபந்தனை இருக்கும்: ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். முறைப்படி விலகியவருக்கும் மாற்று ஆள் வரும் வரை, அதிகபட்சம் 6 மாதம், பொறுப்பு தொடரும். வீட்டுக்காரரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாத உள்வாடகையில் போய் மாட்டாதீர்கள், அங்கே முகவரிச் சான்றும் கிடைக்காது.

என் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்கிறார்கள். என்ன செய்ய முடியும்?

நடக்கிறது. பெயர், தோற்றம், தேசம், மதம் காரணமாக வீடு மறுப்பது குற்றம். அதே வீட்டுக்கு வேறு பெயரில் ஒரு நண்பரைப் போன் செய்யச் சொல்லி, பதில் மாறினால் மின்னஞ்சல், நேரம், விளம்பரத்தின் நகல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். உரிமைகள் பாதுகாவலர் அமைப்பின் 39 28 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். புகாரால் அந்த வீடு கைக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், தேடலை நிறுத்தாமல் இதையும் செய்யுங்கள்.

காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்?

சாமான்களோடு உள்ள வீட்டுக்கு 1 மாதம். காலி வீட்டுக்கு 3 மாதம், ஆனால் லியோன் வீட்டு நெருக்கடி உள்ள மண்டலம் என்பதால் இங்கேயும் 1 மாதம் போதும். அந்தக் காரணத்தைக் கடிதத்தில் குறிப்பிட வேண்டும், இல்லாவிட்டால் 3 மாதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நீங்கள் அனுப்பிய நாளில் இருந்து அல்ல, அவர் கையில் கிடைத்த நாளில் இருந்துதான் கணக்கு.

வெளியேறும் அறிக்கை நுழைந்தபோது எழுதியதோடு ஒத்துப்போனால் அட்வான்ஸை 1 மாதத்துக்குள் திருப்ப வேண்டும், சேதம் இருந்தால் 2 மாதம். தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் மாத வாடகையில் 10 சதவீதம் கூடுதலாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, புது முகவரியை அவருக்குக் கொடுத்திருந்தால் மட்டும்.